வழவழப்பு வேண்டாம்: சவரக் கட்டி வராமல் முகம் மழிப்பது எப்படி?

சவரம் செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ தாடைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் கிளம்பும். தொட்டால் சுருக்கென்று வலிக்கும். சட்டைக் காலர் உரசினால் அரிக்கும். பரு என்று நினைத்து அதற்கான களிம்பைத் தடவிக்கொண்டே பழைய மாதிரியே சவரமும் செய்தால் குறையாது. அடுத்த முறை பிளேடு அந்தக் கட்டிகளின் தலையைச் சீவிவிட்டுப் போகும். இரத்தம், எரிச்சல், ஆறிய பின் கறுப்புத் தழும்பு. காவலர் பயிற்சி, கப்பல் வேலை, பெரிய ஓட்டல்களின் வரவேற்புப் பிரிவு என்று தினமும் மழித்த முகத்தோடு போய் நிற்க வேண்டிய வேலைகளில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் பலர் இந்த அவஸ்தையை முதல் மாதத்திலேயே பார்த்துவிடுகிறார்கள்.

போன் கேமராவைப் பெரிதாக்கி அந்தக் கட்டிகளை நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். சிலவற்றின் நடுவே கறுப்புப் புள்ளி இருக்கும். சிலவற்றில் தோலுக்கு அடியில் மெல்லிய கோடு ஒன்று வளைந்து படுத்திருக்கும். வேறு சில இடங்களில் முடியின் இரண்டு முனைகளும் தோலுக்குள் புதைந்து, நடுப்பகுதி மட்டும் குட்டிப் பாலம் போல வெளியே தெரியும். இதுதான் உள்வளர் முடி. தோல் மருத்துவர் சீட்டில் எழுதும் பெயர் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. முடி இரண்டு விதமாக உள்ளே போகிறது. முதலாவது, வெளியே வந்த சுருட்டை முடி வளைந்து, பக்கத்திலேயே தோலைத் துளைத்துக்கொண்டு திரும்ப உள்ளே இறங்குவது. பிளேடு சாய்வாக வெட்டியதால் அதன் முனை கூர்மையாக இருக்கிறது. தோலைத் துளைப்பது அதற்குச் சிரமமே இல்லை. இரண்டாவது, முடி வெளியே வருவதற்கு முன்பே நடப்பது. தோலை இழுத்துப் பிடித்தோ, மேல்நோக்கி எதிராக மழித்தோ முடியை அடியோடு வெட்டினால், மீதி முடி தோல்மட்டத்துக்குக் கீழே பின்வாங்கிவிடும். அது வளரத் தொடங்கும்போது துவாரத்தின் வழியாக நேராக மேலே வராமல் பக்கச் சுவரையே குத்திக்கொண்டு போகும். இரண்டிலும் உடல் அந்த முடியை அந்நியப் பொருளாக நினைத்து எதிர்க்கிறது. வீக்கமும் அரிப்பும் அதனால்தான்.

ஆகவே, கையால் தடவினால் ஒன்றுமே தட்டுப்படாத வழவழப்புதான் இங்கே எதிரி. அரை மில்லிமீட்டர் முடியாவது தோலுக்கு வெளியே நிற்கட்டும். இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் அந்த அரை மில்லிமீட்டரைக் காப்பாற்றுவதற்கான வழிகளே.

தலைமுடி நேராக இருக்கிறது, எனக்கு இது வராது என்று நினைக்க வேண்டாம். தலையில் நேராக விழும் முடி கொண்ட பலருக்கும் தாடி, குறிப்பாகக் கழுத்துப் பகுதியில், சுருண்டுதான் வளர்கிறது. இறுகிச் சுருண்ட முடி கொண்ட ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் இந்தத் தொல்லை மிக அதிகம். அமெரிக்க இராணுவத்தில் தினமும் மழித்தாக வேண்டும் என்ற விதியால் அவதிப்பட்ட வீரர்களுக்காகவே மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாக இதைப் பற்றி எழுதி வந்திருக்கிறார்கள். குறுந்தாடி விட்டுக்கொள்ள அனுமதிச் சீட்டும் கொடுத்து வந்திருக்கிறார்கள்.

முதல் படி: ஏற்கெனவே கட்டிகள் இருந்தால் நிறுத்துங்கள்

புண்ணின் மேல் பிளேடு ஓட்டி எந்த முறையையும் கற்றுக்கொள்ள முடியாது. முடிந்தால் மூன்று நான்கு வாரங்கள் சவரத்தை நிறுத்திவிடுங்கள். தாடி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வளரும். சிக்கிய முடி ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்தால், தன் வளைவின் விசையாலேயே பெரும்பாலும் தோலை விட்டு வெளியே வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: முதல் வாரத்தில் கட்டிகள் கூடினாற்போலத் தெரியலாம். பயந்துபோய் மறுபடி ரேஸரைக் கையில் எடுப்பவர்கள் இந்தக் கட்டத்தில்தான் எடுக்கிறார்கள்.

விடுமுறை கிடைக்காத வேலை என்றால் டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டிக்கொள்ளுங்கள். அதற்கும் மேலதிகாரி முகம் சுளித்தால் தோல் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுங்கள். சீருடைப் பணியில் இருப்பவர்களுக்கு இது கூச்சப்பட வேண்டிய விஷயமே இல்லை.

இந்தக் காத்திருப்பு நாட்களில் தினமும் இரவில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கட்டிகள் மேல் ஐந்து பத்து நிமிடம் வைத்து எடுங்கள். பிறகு மென்மையான, வேறு எதற்கும் பயன்படுத்தாத பல்துலக்கியால் வட்டமாக லேசாகத் தேய்க்கலாம். பாலம் போல வெளியே தெரியும் முடி இருந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியை அதன் அடியில் நுழைத்து மெல்ல நிமிர்த்திவிடுங்கள். அவ்வளவுதான். தெரியாத முடியைத் தேடித் தோலைக் குத்திக் கிளறக் கூடாது. கையில் சிக்கிவிட்டதே என்று சாமணத்தால் பிடுங்கவும் கூடாது. பிடுங்கிய இடத்தில் புது முடி கூர்முனையோடு அடியிலிருந்து கிளம்பும். துவாரத்துக்குள்ளேயே குத்திக்கொள்ளும் வாய்ப்பு அதற்கு இன்னும் அதிகம்.

இரண்டாம் படி: முடி எந்தப் பக்கம் படிகிறது என்று பாருங்கள்

புதிதாகச் சவரம் பழகுபவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. இரண்டு நாள் வளர்ந்த தாடியின் மேல் விரல்நுனியை ஓட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஓட்டினால் சொரசொரப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகிறதோ, அதுவே முடி படியும் திசை. விரலில் சரியாகப் பிடிபடவில்லை என்றால் ஒரு பஞ்சுத் துண்டை ஓட்டுங்கள். எதிர்த்திசையில் போனால் பஞ்சு சிக்கி இழை இழையாகப் பிரியும்.

கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழாகத்தான் இருக்கும். வேடிக்கை காட்டுவது கழுத்து. பலருக்குத் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் முடி கீழிருந்து மேலாக வளரும். தாடை எலும்புக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் படுத்திருக்கும். சிலருக்கு அங்கே ஒரு சுழியே இருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முகத்தைப் படம் பிடித்து, அந்தப் படத்தின் மேல் அம்புக்குறி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்கள் கண்ணாடிக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு மழித்தால், பிறகு கை தானாகப் பழகிவிடும். கட்டிகள் ஏன் எப்போதும் கழுத்தில் மட்டும் வருகின்றன, கன்னத்தில் வருவதில்லை என்ற கேள்விக்குப் பலருக்கும் இந்தப் படத்திலேயே விடை கிடைத்துவிடும்.

மூன்றாம் படி: கருவியைத் தேர்ந்தெடுப்பது

இரட்டை பிளேடு ரேஸர் 1971-இல் சந்தைக்கு வந்தது. அன்று முதல் மூன்று, நான்கு, ஐந்து என்று பிளேடுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதே முன்னேற்றம் என்று விளம்பரங்கள் சொல்லி வருகின்றன. முதல் பிளேடு முடியைச் சற்று மேலே இழுக்கும். அது பின்வாங்குவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் தாழ்வாக வெட்டும். தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டுவது ஒரு சிறப்பாகச் சொல்லப்படுகிறது. நேரான, மென்மையான முடி உள்ளவருக்கு அது சிறப்பாகவே இருக்கலாம். நமக்கு அதுதான் நோய்க்காரணம்.

எனவே ஒற்றை பிளேடு போதும். அப்பாக்களும் தாத்தாக்களும் பயன்படுத்திய, இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடைப் பொருத்தும் சேஃப்டி ரேஸர் நல்ல தேர்வு. ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும். பிளேடும் மிக மலிவு. அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்பவர்களுக்கு 2010-இல் இந்தியச் சந்தைக்காகவே வந்த ஜில்லெட் கார்டு போன்ற ஒற்றை பிளேடு கார்ட்ரிட்ஜ் பொருத்தமாக இருக்கும்.

இதைவிடப் பாதுகாப்பானது டிரிம்மர். சீப்பைக் கழற்றிவிட்டு வெறும் தலையால் ஓட்டினால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் முடி நிற்கும். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பவருக்கு மழித்த முகமாகவே தெரியும். தோலில் அழுத்தாமல் ஓட்ட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எந்த முறையில் மழித்தும் கட்டி நிற்காதவர்கள் வேறு எதையும் யோசிக்காமல் டிரிம்மருக்கு மாறிவிடலாம். கீழே வரும் படிகளில் பாதி அவர்களுக்குத் தேவைப்படாது.

நான்காம் படி: ஊறவிடுங்கள்

காய்ந்த தாடி முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான நீர் பட்டால் அது நீரை உறிஞ்சி ஊதி மென்மையாகிவிடும். வெட்டுவதற்குக் குறைந்த விசை போதும்; வெட்டிய முனையும் அவ்வளவு கூராக நிற்காது. இதற்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம். குளித்து முடித்ததும் சவரம் செய்யுங்கள், முன்பு வேண்டாம். நம் ஊரில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் சவரம், பிறகு குளியல்.

குளிக்கும்போதே முகத்தை மென்மையான சோப்பால் கழுவி, துணியால் கட்டி வரும் இடங்களில் வட்டமாகத் தேய்த்துவிட்டால் வெளியே வரத் துடிக்கும் முடிகளுக்கு வழி கிடைக்கும். பிறகு ஷேவிங் கிரீமை பிரஷ்ஷில் குழைத்து, நுரையை முடியின் அடிவரை போகும்படி சுழற்றித் தடவி, இரண்டு நிமிடம் அப்படியே விடுங்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் நுரை சரியாக எழாது. தடவியதும் காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும். குடிக்கும் தண்ணீரில் ஒரு குவளையைச் சுடவைத்து எடுத்துக்கொண்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. குளியல் சோப்பைக் கையால் தேய்த்து அந்த நுரையில் மழிப்பது வேண்டாம். பிளேடு வழுக்க வேண்டிய வழவழப்பு அதில் இல்லை. நமக்கு வழவழப்பு வேண்டிய ஒரே இடம் இந்த நுரைதான்.

ஐந்தாம் படி: மழிப்பது

சேஃப்டி ரேஸரின் தலையைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியைத் தரைக்கு இணையாகப் பிடியுங்கள். இந்த நிலையில் பிளேடு தோலைத் தொடாது. இப்போது கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். பிளேடு தோலைத் தொட்டு, முடி அறுபடும் சரசரப்பு காதில் விழத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். தோலுக்கும் பிளேடுக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகை இருக்கும் அந்தச் சாய்வை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் பழக வேண்டிய வித்தை. அழுத்தம் வேண்டாம், ரேஸரின் எடையே போதும். பிளாஸ்டிக் கார்ட்ரிட்ஜில் எடை இல்லாததால் கை தானாக அழுத்தப் பார்க்கும். கைப்பிடியை நுனியில், இரண்டு மூன்று விரலால் மட்டும் பிடித்தால் அழுத்த முடியாது.

முடி படியும் திசையில், ஓர் அங்குலம் அளவுக்குச் சின்னச் சின்ன இழுப்பாகப் போங்கள். இரண்டு இழுப்புக்கு ஒருமுறை பிளேடைத் தண்ணீரில் அலசுங்கள். இடக்கையால் கன்னத்தை மேலே இழுத்துப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். விறைத்த தோலில் வெட்டிய முடி, கையை எடுத்ததும் உள்ளே போய்விடும். நாக்கைக் கன்னத்துக்குள் முட்டுக் கொடுத்துத் தள்ளுவதும் அதே தவறுதான்.

ஒருமுறை மழித்து முடித்ததும் விரலால் தடவிப் பார்த்தால் கொஞ்சம் சொரசொரப்பு இருக்கும். இருக்கட்டும். எங்காவது தெளிவாக விட்டுப்போயிருந்தால் அங்கே மட்டும் மறுபடி நுரை தடவி, மறுபடியும் அதே திசையிலோ அல்லது குறுக்காகவோ ஓர் இழுப்பு. எதிர்த்திசை எப்போதும் வேண்டாம், கழுத்தில் ஒருநாளும் வேண்டாம். திருமண வரவேற்பு, படப்பிடிப்பு என்று விதிவிலக்கு தேடுபவர்கள் அடுத்த வாரம் முழுக்க அதற்கான விலையைக் கழுத்தில் சுமக்கிறார்கள்.

மழுங்கிய பிளேடு முடியை வெட்டாமல் பிடித்து இழுக்கும். நான்கைந்து சவரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இழுக்கிறது என்று தோன்றினால் அதற்கு முன்பே மாற்றுங்கள். ரேஸரைக் குளியலறை ஈரத்தில் போட்டு வைக்காமல் உதறிக் காயவிடுங்கள். வீட்டில் இன்னொருவர் ரேஸரைப் பகிர்ந்துகொள்வது அறவே கூடாது.

ஆறாம் படி: முடித்த பின்

குளிர்ந்த நீரில் அலசி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். மணமில்லாத, எண்ணெய்ப் பிசுக்கில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவினால் போதும். சாராயம் கலந்த ஆஃப்டர்ஷேவ் எரிவது சுத்தம் செய்கிறது என்பதற்கு அடையாளம் அல்ல. தோல் காய்ந்து புண்படுகிறது என்பதற்கே அடையாளம். படிகாரம் சின்ன வெட்டுகளில் இரத்தத்தை நிறுத்தும், அதற்கு வைத்துக்கொள்ளலாம். உள்வளர் முடியை அது தடுக்காது. எலுமிச்சைச் சாற்றைத் தடவச் சொல்லும் வீட்டு வைத்தியத்தை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் வரும். தழும்பைப் போக்கப் போய்ப் பெரிய தழும்போடு வருவதுதான் மிச்சம்.

இரவில் சவரம் செய்து பாருங்கள். காலையில் மழித்துவிட்டு உடனே ஹெல்மெட் வாரைத் தாடைக்குக் கீழே இறுக்கிக்கொண்டு, வியர்வையில் நனைந்த காலரோடு பத்து மணி நேரம் இருப்பதைவிட, மழித்த தோலுக்கு ஓர் இரவு ஓய்வு கொடுப்பது எவ்வளவோ மேல்.

சவரம் செய்யாத இரவுகளில் சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் உள்ள திரவத்தையோ, கிளைகோலிக் அமிலம் உள்ளதையோ கட்டி வரும் பகுதியில் தடவலாம். இறந்த தோல் உதிர்ந்து முடிக்கு வழி திறக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு இரவு என்று ஆரம்பித்து, எரிச்சல் இல்லை என்றால் கூட்டுங்கள். சீழ் தட்டும் கட்டிகளுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் உதவும். தலையணை உறை வெள்ளையாக இருக்கட்டும், அது துணிச் சாயத்தை வெளுக்கும். பகலில் சன்ஸ்கிரீன் போடுவது நம் நிறத் தோலுக்கு முக்கியம். கட்டி ஆறிய இடம் கறுத்துப்போவது வெயிலால் இன்னும் கூடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மழிப்பது? இதில் எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. முடி வளைந்து திரும்பி உள்ளே இறங்கும் அளவுக்கு நீள்வதற்குள் அடிக்கடி மழிப்பது சிலருக்கு நல்லது. தோல் ஆற இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுவது வேறு சிலருக்கு நல்லது. ஒரு மாதம் ஒரு வழி, அடுத்த மாதம் மற்ற வழி என்று பார்த்து முடிவு செய்யுங்கள்.

சலூனில் உட்காரும்போது

நம் சலூன்களில் ஒரு கை கீழ்நோக்கி, மறு கை மேல்நோக்கி என்று இரண்டு முறை மழிப்பதே நல்ல வேலைக்கு அடையாளம். கன்னத்தை இழுத்துப் பிடித்து, எதிராக ஓட்டி, பளபளவென்று ஆக்கி அனுப்புவார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படிச் செய்யாவிட்டால் மற்ற வாடிக்கையாளர்கள் திட்டுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும், நுரை தடவுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, ஒரு தடவை போதும். கழுத்தில் எதிராக ஓட்ட வேண்டாம், கட்டி வந்துவிடுகிறது." பாதியில் சொன்னால் கை வேகத்தில் நிற்காது. கழுத்துக்கு டிரிம்மர் மட்டும் போடச் சொல்வது இன்னும் எளிது. புது பிளேடை உங்கள் கண்முன்னே உறையிலிருந்து எடுத்து உடைத்துப் பொருத்துகிறாரா என்று பாருங்கள். ஹெபடைட்டிஸ் பி, சி போன்றவை இரத்தம் பட்ட பிளேடு வழியாகப் பரவக்கூடியவை.

மருத்துவரிடம் எப்போது?

சீழ் பரவினால், சுற்றிலும் சிவந்து சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால் உடனே போங்கள். செதில் செதிலாக வட்டமாகப் படர்ந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆறிய இடம் தடித்து மேடாக வளர்ந்துகொண்டே போனால் அது கீலாய்டு. அந்தத் தன்மை உள்ளவர்கள் பிளேடையே தொடாமல் இருப்பது நல்லது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. வீரியமான ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டு நாளில் கட்டியை அமுக்கிக் காட்டும். தொடர்ந்து தடவினால் முகத்தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருக்கள் கொத்துக் கொத்தாக வரும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். இத்தகைய பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் இந்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. பெட்டியின் பின்புறம் பீட்டாமெத்தசோன், குளோபிட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் எது இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் முகத்தில் தடவ வேண்டாம்.

எல்லாம் செய்தும் கட்டிகள் விடாதவர்களுக்கு லேசர் இருக்கிறது. மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் ஏற்றது 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் லேசர். வேறு வகைகளில் தோல் சுட்டுப்போகும் அபாயம் அதிகம். எந்தக் கருவி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பணம் கட்டுங்கள். சில வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவைப்படும். முடி முழுவதும் போய்விடாது என்றாலும் குறைந்து மெலிந்துவிடும். பின்னாளில் அடர்த்தியான தாடி வேண்டும் என்றால் கிடைக்காது. அதனால் முகம் முழுவதற்கும் ஒப்புக்கொள்ளாமல், தொல்லை தரும் கழுத்துப் பகுதிக்கு மட்டும் செய்துகொண்டு, கன்னத்தையும் மோவாயையும் அப்படியே விட்டுவிடச் சொல்லலாம்.